லாபம், ரெண்டு, மூணு

காலை ஆறரை மணிக்கு மணப்பட்டுக் கடற்கரையில் காசம்மாளை முதல்முறை பார்க்கிறவன், இந்த அம்மாவுக்கு எங்கேயோ ஒரு நட்டு கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பான். ஒரு கையில் தேங்காய் மட்டை. இன்னொரு கையில் போன். கணுக்கால் நனையும் இடத்தில் நின்று மட்டையைக் கடலுக்குள் வீசுவாள். அப்புறம் கடலைப் பார்த்துச் சத்தமாக எண்ணுவாள்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

மீன் விற்கிற வாய்க்கு ஒன்று என்கிற எண்ணே கிடையாது. கூறு போடும்போது முதல் மீனை லாபம் என்று சொல்லித்தான் எடுத்து வைக்க வேண்டும். இருபத்தேழு வருடமாக அப்படி எண்ணிப் பழகிய காசம்மாள், கடலுக்காக மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. இருபது எண்ணுவதற்குள் அலை மட்டையைக் கரைக்கே கொண்டுவந்து போட்டால், அன்றைக்குக் குளிக்கலாம். மட்டை தலையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தால், எத்தனையாவது எண்ணில் போகிறது என்று பார்ப்பாள். எண் குறையக் குறைய இழுப்பு அதிகம். கடைசியில் போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, "இன்னைக்கு எறங்காதீங்கபா" அல்லது "இன்னைக்கு எறங்கலாம்பா" என்று சொல்லி முடிப்பாள். தலையில் பாதி, வானத்தில் பாதி தெரியும். மூன்று வருடமாகப் போன் பிடிக்க அவளுக்கு வரவே இல்லை.

'மணப்பட்டு கடல்' என்று பெயர் வைத்து, இந்த வீடியோவைப் போட இணையத்தில் ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தவள் மகள் சரண்யா. கிருமாம்பாக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். முதல் மாதம் பார்த்தவர்கள் பன்னிரண்டு பேர், அதில் ஏழு பேர் சொந்தக்காரர்கள். இப்போது பதினெட்டாயிரம் பேர். வில்லியனூர் பக்கத்து வேன் டிரைவர்கள் ஞாயிற்றுக்கிழமை சவாரி ஏற்றுவதற்கு முன்னால், "காசக்கா மட்டை போட்டுச்சா?" என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்கள். கீழே வருகிற கமென்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. "அக்கா மத்தி வந்துச்சா?" "அக்கா மட்டைக்கு நீச்சல் கத்துக் கொடு." "ஒன்னு எங்கேக்கா, யாரு எடுத்துக்கினு போனது?" காசம்மாள் எல்லாவற்றையும் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். "திட்டுறானுவோ, ஆனா பாக்குறானுவோ இல்ல, அது போதும்டி" என்பாள்.

கரையில் இருந்த எச்சரிக்கைப் பலகை ஒரு புயலில் விழுந்தது. இப்போது அது யாருடைய ஆட்டுக் கொட்டகைக்கோ கதவாக இருக்கிறது. 'ஆழமான பகுதி' என்ற எழுத்தைத் தினமும் படிப்பவை ஆடுகள் மட்டும்தான். ஆகவே மனிதர்களுக்கு மிச்சம் இருந்தது காசம்மாளின் வாய்.

அந்த வாய்க்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அது புருஷன் மாரிமுத்துவுக்கு மட்டும்தான் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காசம்மாள் படகு ஓரத்தில் குந்தியிருந்து சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். நீலச் சட்டை போட்ட பையன் ஒருவன், வெளியூர்க்காரன், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கேட்டான். "அக்கா, இங்க ஆழமா?" அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. "முட்டித் தண்ணிதான்பா. போ, போயி குளி." போன வாரம் வரைக்கும் அது முட்டித் தண்ணீர்தான். இடையில் இரண்டு நாள் பெய்த மழை மண்ணை வாரிக்கொண்டு போய்ப் பெரிய குழி பறித்திருந்தது. மறுநாள் காலை பையன் தெற்கே வெகுதூரம் தள்ளிக் கரை ஒதுங்கினான். அவன் அம்மா வந்து மணலில் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று கேட்டாள். "ஒருத்தருமா சொல்லல? எம்புள்ளகிட்ட ஒருத்தருமா சொல்லல?"

சொல்லாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. காசம்மாள் சொன்னாள். சொன்னதுதான் கொன்றது. கையில் அரிவாள்மனையோடு அந்தத் தாய் முன்னால் நின்றவள், வாயைத் திறக்கவே இல்லை. மட்டை போட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதல் ஐந்து வருடம் போன் இல்லாமலே போட்டாள், எண்ணினாள், வருகிறவர்களை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

இந்த ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, மட்டை ஆறு எண்ணும்போதே உள்ளே போயிற்று. "இன்னைக்கு எறங்காதீங்கபா" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். வழக்கமாகச் சுற்றுகிற வட்டம் சுற்றவில்லை. திரை வெள்ளையாகி, நடுவில் ஒரு பூட்டுப் படம் வந்தது. கீழே நாலு வரி. காசம்மாளுக்குப் படிக்க வரும், ஆனால் அந்தத் தமிழ் வரவில்லை. போனை முந்தானையில் துடைத்துப் பார்த்தாள். பூட்டு போகவில்லை.

வீட்டில் சரண்யா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தவள் தலை வாருவதைப் பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா, உன் கணக்கத் தூக்கிட்டாங்க."

"யாருடி தூக்குனது? இன்னாத்துக்கு?"

"நீ மனுசியே இல்லையாம். மிஷினாம். தெனம் ஒரே நேரத்துல, ஒரே மாதிரி வீடியோ, ஒரே வார்த்தை. மனுசங்க யாரும் இப்பிடிப் போட மாட்டாங்கன்னு போட்டுருக்குது."

வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த மாரிமுத்து தலையை நிமிர்த்தினான். "இத நான் கல்யாணம் ஆன மறுவாரமே சொன்னேன். எவன் கேட்டான்? தெனம் அதே கொழம்பு, அதே திட்டு, அதே நேரம்."

"யோவ், சும்மா இருய்யா. எவன்டி அவன் கண்டுபுடிச்சது? ஆள் யாரு?"

"ஆள் இல்லம்மா. அதுவும் மிஷினுதான்."

காசம்மாள் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ஒரு மிஷினு என்னைப் பாத்து நீ மிஷினுன்னு சொல்லுதா?" என்றாள். சரண்யாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை முழுங்கிவிட்டாள்.

மனுஷிதான் என்று நிரூபிக்க வழி இருந்தது. முகத்தைக் காட்ட வேண்டும். போன் சொல்கிற மாதிரி இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு. காசம்மாள் முகம் கழுவி, பெரிய பொட்டு வைத்து, கல்யாண போட்டோவுக்கு நிற்கிறவளைப் போல விறைத்து நின்றாள். மூன்று தரம் திரும்பினாள். நாலாவது தரம் போன் ஒப்புக்கொண்டது. அடுத்து, கணக்கில் உள்ள பெயரோடு பொருந்துகிற அடையாள அட்டை கேட்டது.

"கணக்குல இருக்குற பேரு மணப்பட்டு கடல்" என்றாள் சரண்யா.

"கடலுக்கு எங்கடி போயி ஆதார் எடுக்குறது?"

"ரேகை வெச்சிக்கினாதான் தருவான்" என்றான் மாரிமுத்து. "அலையக் கூட்டிக்கினு போயி வெக்கச் சொல்லு."

சரண்யா கடையில் அம்மாவின் அட்டையை ஸ்கேன் செய்து, கூடவே ஒரு கடிதமும் எழுதினாள். பத்தாம் வகுப்பில் விடுமுறைக் கடிதம் எழுதியதற்குப் பிறகு அவள் எழுதிய முதல் கடிதம் அது. 'இவர் என் அம்மா. உயிரோடு இருக்கிற மனிதர். தினமும் கடல் ஒரே இடத்தில் இருப்பதால் தினமும் அதே இடத்தில் நின்று சொல்கிறார். இவர் சொல்லாவிட்டால் ஆட்கள் சாவார்கள். தயவுசெய்து திறந்து விடவும்.' அனுப்பிவிட்டு ஒரு ரேஷன் கார்டுக்கு இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தாள். பணத்தை வாங்கிப் போடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

'உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம். முடிவில் மாற்றம் இல்லை. இதுவே இறுதியானது.'

நாலு நிமிடம். நாலு நிமிடத்தில் எந்த மனிதன் அந்தக் கடிதத்தைப் படித்திருப்பான் என்று சரண்யா யோசித்துப் பார்த்தாள். பிறகு வேறு பெயரில் புதுக் கணக்கு திறந்து அம்மாவின் வீடியோவைப் போட்டாள். அது ஒரு டீ ஆறுகிற நேரம்கூடத் தாங்கவில்லை. தடையை ஏமாற்றப் பார்த்ததாகச் சொல்லி அதையும் மிஷின் பூட்டியது. அம்மாவின் முகம் இப்போது அதற்கு நன்றாகத் தெரியும். அவளேதான் இடமும் வலமும் திரும்பிக் காட்டிக் கொடுத்திருந்தாள்.

புதன் மழை. வியாழன் மழை. வெள்ளிக்கிழமை வானம் வெளுத்தது. மட்டை நாலில் போயிற்று. படகுகளை மணல்மேட்டுக்கு மேலே இழுத்துப் போட்டார்கள். சனிக்கிழமை காலை காசம்மாள் மட்டையை வீசி, "லாபம், ரெண்டு" என்றாள். மூணு சொல்ல வாயைத் திறந்தபோது மட்டை கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. எட்டு வருடத்தில் மூணில் போனதை அவள் பார்த்ததில்லை.

ஆனால் பார்க்கக் கடல் அழகாக இருந்தது. மழை மறுபடி பறித்திருந்த குழியின் குணம் அது. சுற்றிலும் அலை உடைந்து நுரைக்கும். குழிக்கு மேலே மட்டும் அலை உடையாது. அங்கே தண்ணீர் பச்சையாக, சாதுவாக, வா என்று கூப்பிடுகிற மாதிரி கிடக்கும். குளிக்க வருகிறவன் கண் நேராக அங்கேதான் போகும். நல்ல இடம் பார்த்துவிட்டோம் என்று நினைப்பான்.

அன்று மதியம் சரண்யா பாதி வேலையில் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "அம்மா, நீ இன்னைக்குப் போன்ல ஏதாச்சும் போட்டியா?"

"பூட்டுன போன்ல இன்னாத்தடி போடுறது?"

"கடைக்கு வந்த ஒருத்தரு, 'உங்கம்மா இன்னைக்குக் கடல் நல்லா இருக்குதுன்னு சொல்லிருக்காங்களே'ன்னாரு. பாரு."

திரையில் 'மணப்பட்டு கடல் டுடே' என்று இருந்தது. அதே படம், அதே மட்டை, அதே காசம்மாள். பங்குனியில் எடுத்த வீடியோ. எவனோ எல்லாவற்றையும் அள்ளி எடுத்து வைத்திருக்கிறான். மேலே 'இன்று காலை 6.30' என்று இருந்தது. கீழே தங்கும் அறை வேண்டுமா என்று ஒரு நம்பர். சரண்யா அந்த நம்பருக்கு ஏற்கெனவே ஐந்து தரம் போட்டுப் பார்த்துவிட்டாள். அப்படி ஒரு நம்பரே இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

போனுக்குள் இருந்த காசம்மாள் எண்ணினாள். "பத்தொம்போது, இருவது. வந்துடுச்சுபா. கடலு கொளம் மாதிரி கீது. புள்ளைங்களக் கூட்டிக்கினு வாங்க, எறங்கலாம்பா."

வெளியில் இருந்த காசம்மாள் போனைப் பிடுங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"யாருடி இது?"

"யாரும் இல்ல போலம்மா. ஆளே இல்லாம தானா ஓடுது. தெனம் காலைல ஒண்ணு எடுத்துப் போடுது."

"இத மிஷினுன்னு புடிக்கலையா?"

"நானும் புகார் போட்டேன். விதி மீறல் எதுவும் இல்லைன்னு வந்துடுச்சு. இது தெனம் வேற வேற வீடியோ போடுதுல்ல, அதனால மனுசன்னு நெனச்சிடுச்சோ இன்னாவோ."

சரண்யா நாலைந்து வேன் டிரைவர்களுக்குப் போன் போட்டாள். மூன்று பேர் எடுத்தார்கள், சரி என்றார்கள். பதினெட்டாயிரம் பேருக்கு நம்பர் யாரிடம் இருக்கிறது?

ஞாயிறு விடிந்தபோது வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. காசம்மாள் மீன் எடுக்கப் போகவில்லை. நாலு மட்டையை இடுப்பில் அணைத்துக்கொண்டு, சவுக்குத் தோப்பு முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடத்தில் போய் நின்றாள். மூன்று பைக்கைத் திருப்பி அனுப்பினாள். ஒன்பதரைக்கு முதல் வேன் வந்தது. வில்லியனூர் பக்கத்திலிருந்து, பூசை முடிந்த கையோடு கிளம்பிய குடும்பம். குட்டிப் பெண் மாதா கோயிலுக்குப் போட்ட வெள்ளைக் கவுனோடு, காலில் பச்சைச் செருப்போடு குதித்து இறங்கி, நேராகக் கடலைப் பார்த்து ஓடினாள். அப்பா லூர்து பிரகாஷ் சாப்பாட்டுப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தார். அம்மா ஆனி மேரி பாய் விரிக்க இடம் தேடினாள்.

"எறங்காதீங்கபா. இன்னைக்கு எறங்கக் கூடாது."

லூர்து பிரகாஷ் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அட, காசக்கா! ஆனி, இவங்கதான், மட்டை அக்கா. நேர்ல பாத்துட்டோம். அக்கா, உங்க வீடியோ பாத்துட்டுதான் கெளம்புனோம்."

"அது நான் இல்லபா."

அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்துக் காட்டினார். "இதோ, காலைல ஆறரைக்குச் சொல்லிருக்கீங்களே."

போன் எண்ண ஆரம்பித்தது. "லாபம், ரெண்டு, மூணு..."

"அது பங்குனி மாசம் எடுத்ததுபா. என் கணக்கப் பூட்டிட்டானுவோ. எவனோ எடுத்துப் போடுறான். நான் இப்ப சொல்றேன், எறங்காத."

"இன்னைக்குத் தேதி போட்டுருக்குதேக்கா." அவர் குரலில் சிரிப்பு குறைந்தது. போனில் இருந்த காசம்மாளையும் முன்னால் நின்ற காசம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். போனில் இருந்தவள் பளிச்சென்று இருந்தாள். முன்னால் நின்றவள் தலை கலைந்து, இடுப்பில் மட்டைகளோடு, கண் சிவந்து நின்றாள். எவளை நம்புவது என்று அவருக்குக் குழப்பமே இல்லை. "உங்களுக்கும் வீடியோ போடுறவனுக்கும் நடுவுல ஏதாச்சும் பிரச்சினையாக்கா? கடலு அமைதியாத்தானே இருக்குது. பாருங்க, அந்தப் பக்கம் அலையே இல்ல."

அவர் கை காட்டியது பச்சைத் தண்ணீரை. அங்கே, ஈர மணலில், வெள்ளைக் கவுன் நின்றுகொண்டிருந்தது. முதல் அலை அவள் காலை நனைத்துவிட்டுத் திரும்பியது.

காசம்மாள் ஓடினாள். ஓடியபடியே மட்டையை வீசினாள். எண்ணுவதற்கு மூச்சு இல்லை. போன்தான் அவள் குரலில் பின்னால் எண்ணிக்கொண்டு வந்தது. "ஒம்போது, பத்து, பதினொண்ணு..." மட்டை விழுந்தது. ஒரு தரம் புரண்டது. யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி உள்ளே போயிற்று. இரண்டாவது அலை திரும்பியபோது குட்டிப் பெண்ணின் காலுக்கு அடியில் இருந்த மணலும் சேர்ந்து திரும்பியது. அவள் உட்கார்ந்த வாக்கில் சறுக்கினாள். காசம்மாளின் கையில் கவுனின் முதுகுப்புறம் அகப்பட்டது. துணி கிழிகிற சத்தம் கேட்டது. பிடியை விடவில்லை.

இருவரும் மேட்டில் வந்து விழுந்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, அழக்கூட மறந்துவிட்டாள். ஒற்றைச் செருப்பு மட்டும் தண்ணீரில் இருந்தது. மட்டை போன வழியிலேயே, அதே வேகத்தில், பச்சையாக ஒரு புள்ளியாகிப் போனது. பின்னால் போன் சொன்னது. "புள்ளைங்களக் கூட்டிக்கினு வாங்க, எறங்கலாம்பா."

"அத நிறுத்துங்க!" என்று ஆனி மேரி கத்தினாள். லூர்து பிரகாஷால் மூன்று தரம் தட்டித்தான் நிறுத்த முடிந்தது.

காசம்மாள் மணலில் உட்கார்ந்தபடியே பேசினாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். "எட்டு வருசம் முன்னாடி ஒரு பையன் கேட்டான். ஆழமான்னு. முட்டித் தண்ணின்னு சொன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. அவங்கம்மா வந்து கேட்டப்ப, நான்தான்மா சொன்னேன்னு சொல்ல வாய் வரல. இப்ப அதே வாயப் புடுங்கிக்கினு போயி ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு கீது. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு?"

ஆனி மேரி பக்கத்தில் உட்கார்ந்தாள். காசம்மாளின் கையைப் பிடித்தாள். அந்தக் கையில் கிழிந்த கவுன் துண்டு இன்னும் இருந்தது.

வேன் திரும்பிப் போன பிறகு மாரிமுத்து வந்தான். தோளில் பழைய வலை. சவுக்கு மரத்தில் ஒரு முனையைக் கட்டி, வழியை மறித்து இழுத்து, படகின் மூக்கில் மறுமுனையைக் கட்டினான். "நாளைக்கும் கட்டுறேன்" என்றான். "அதே நேரத்துக்கு." அப்பாவும் மிஷினாகிவிட்டார் என்று சரண்யா பிறகு சொன்னாள்.

பத்தேகாலுக்குக் கல்லூரிப் பையன்கள் ஆறு பேர் ஒரு காரில் வந்தார்கள். வலையைப் பார்த்துச் சிரித்தார்கள். காசம்மாள் அவர்களிடமும் நீலச் சட்டைப் பையனைப் பற்றிச் சொன்னாள். இரண்டாவது தரம் சொல்லும்போது கொஞ்சம் சுலபமாக இருந்தது. அதில் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"அக்கா, இத நான் ரீல்ஸா போடவா? எல்லாரும் பாப்பாங்க."

"போடு. ஆனா நாளைக்கு வேற மாதிரி சொல்லணுமாம். ஒரே மாதிரி சொன்னா மனுசன் இல்லையாம்."

பையன்கள் சிரித்தார்கள். ஆனால் வலையைத் தாண்டவில்லை. தூரத்தில் நின்று பச்சைத் தண்ணீரைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பத்தரைக்குத் தோப்புக்குப் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. ஒன்றல்ல. தார் ரோட்டிலிருந்து மண் பாதையில் வேன்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஜன்னல்கள் திறந்திருந்தன. முதல் வேனிலிருந்து அவள் குரல் வந்தது. இரண்டாவதிலிருந்தும் வந்தது, கொஞ்சம் பின்தங்கி. மூன்றாவது அப்போதுதான் லாபம் என்று ஆரம்பித்தது.

காசம்மாள் மிச்சம் இருந்த மட்டைகளைப் பார்த்தாள். மூன்றுதான். எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலைக்கு முன்னால் போய் நின்றாள்.